நாழிகை, சங்கு, டைமர்: நேரத்தின் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி அது. சுவரிலுள்ள பிளக்பாயிண்டில் அதைச் செருகி, அதன் முகத்தில் மோட்டாரின் பிளக்கைச் செருக வேண்டும். எத்தனை மணிக்குப் போட வேண்டும், எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று பொத்தான்களை அமுக்கிச் சொல்லிவிட்டால் போதும். குறித்த நிமிடம் வந்ததும் உள்ளேயிருக்கும் ரிலே 'டிக்'கென்று ஒரு சத்தம் போடும். மோட்டார் ஓடத் தொடங்கும். நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது. தெருக்குழாயில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஒரு மணி நேரம் வரும். முப்பது வருடமாக என் அம்மா நாலரைக்கு எழுந்தார். 'தண்ணி வந்துடுச்சா' என்பதுதான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளின் முதல் பேச்சு. அவருக்கு முட்டிவலி வந்த பிறகு டைமர் வாங்கி மாட்டினேன். மகன் செய்த நல்ல காரியம் என்று அவரும் சொன்னார், நானும் நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுக்குழாயில் நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சுவது தடைசெய்யப்பட்ட காரியம். எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். எல்லார் வீட்டிலும்தான் இருந்தது. நான் டைமரில் 4.58 என்று வைத்தேன். பக்கத்து வீட்டில் 4.55 என்று வைத்தார்கள். அடுத்த வாரம் நான் 4.50.

ஒரு நாள் கடைசித் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். காலனி அங்கேதான் இருக்கிறது. குழாயும் அங்கே போய்த்தான் முடிகிறது. சண்டை போட வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "உங்க மோட்டாரு ஓடுறப்ப எங்க குழாயில காத்துதாம்பா வருது. கொடத்த வச்சிக்கிட்டு உக்காந்துகினு இருக்கோம்." என் அம்மா பதறிப்போய்ச் சொன்ன பதில்: "நாங்க தூங்கிட்டுதானம்மா இருந்தோம்!"

அம்மா பொய் சொல்லவில்லை. அந்தப் பதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். தூங்கிக்கொண்டே அடுத்தவர் தண்ணீரை எடுத்துக்கொள்ள முடிகிறது, எழுந்த பிறகு குற்ற உணர்வும் இல்லாமல் இருக்க முடிகிறது என்றால், அது எந்த மாதிரியான ஏற்பாடு? நேரத்தை ஒரு பெட்டியிடம் ஒப்படைக்கும்போது அதோடு சேர்த்து வேறு எதையெல்லாம் ஒப்படைத்துவிடுகிறோம்? இதைக் கேட்பதற்கு, இந்த மண்ணில் நேரம் இதுவரை யார் யார் கையில் இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

2

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். பெரியது ஊசுடு. அடுத்தது பாகூர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேர்கிறது. பழைய ஊர். பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், வெளியான பாகூர்ச் செப்பேடு இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. செப்பேடுகள் கொடுத்தவரையும் பெற்றவரையும் பற்றிப் பேசுபவை. ராத்திரியில் மடையருகே நின்றவரைத் தேடுவதானால் நாம் வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

தமிழகத்து ஏரிப்பாசனத்தில் தண்ணீரைப் பங்கிடும் ஏற்பாட்டுக்கு 'முறை' என்று பெயர். தண்ணீர் குறைகிற காலத்தில் இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று முறை வைப்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை என்று எண்ணினார்கள். பகலில் நிழலைக் காலடியால் அளந்தார்கள். இரவில் நட்சத்திரம் பார்த்தார்கள். கவனிக்க வேண்டியது, இந்தக் கடிகாரம் யாருடைய வீட்டுக்குள்ளும் இருக்கவில்லை. அது மூழ்குவதை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகராறு வந்தால் ஊர்க்கூட்டத்தில் வந்து நின்றது.

இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் வேலையல்ல. முறைக்குள் சாதி இருந்தது. தலைமடையில் யார் நிலம், கடைமடையில் யார் நிலம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் கட்டியவர் பல ஊர்களில் தலித்தாகவே இருந்தார். களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்தான் அவருக்குக் கூலி. தண்ணீர் அவர் கையில் இருந்தது, நிலம் இல்லை. ஆனாலும் ஒன்று. எந்த வயல் காய்கிறது, எந்த வரப்பு உடைந்திருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய நாழிகை, கண்ணும் காலும் உள்ள நாழிகை.

பிரெஞ்சு ஆட்சி 'சிந்திக்கா அக்ரிகோல்' என்று ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்களை வைத்து இந்த ஏற்பாட்டைத் தன் காகிதத்துக்குள் கொண்டுவந்தது. அப்போதும் முறை என்பது கூடிப் பேசுகிற விஷயமாகவே இருந்தது.

3

ஏரிக்கு வெளியே இன்னொரு நேரமும் வந்துகொண்டிருந்தது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. வில்லியனூர் அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். ரயில் யாருக்காகவும் நிற்காது என்ற பாடத்தை ஊர் கற்றுக்கொண்டது. அதைவிடக் கடுமையான வாத்தியார் மில் சங்கு. சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பஞ்சாலைகளும் சங்கு ஊதி ஆட்களை அழைத்தன. பொழுது பார்த்து வயலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் சங்குக்கு ஓடினார்கள்.

ஈ. பி. தாம்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றைச் சொல்கிறார். முதல் தலைமுறைக்கு முதலாளிகள் நேரத்தின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் தலைமுறை பத்து மணி நேர வேலைக்காகப் போராடியது. அதாவது நேரத்தின் மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் அதே மொழியில் திருப்பிப் பேசினார்கள். புதுச்சேரிக்கும் இது பொருந்துகிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. 1937-இல் அது சட்டமாயிற்று.

சங்கு கொடுமையானதுதான். ஆனால் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்து அதை எதிர்க்க முடிந்தது. மூன்று மில்களும் மூடிவிட்டன. ரோடியராக இருந்து ஏ.எஃப்.டி. ஆன ஆலை 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இனி சங்கு இல்லை. கடிகாரங்கள் தனித்தனி வீடுகளுக்குள் போய்விட்டன.

4

ஏரிக்கும் வீட்டு டைமருக்கும் நடுவே மோட்டார் கொட்டகை நிற்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக, மடையைக் காத்திருப்பது கரண்டைக் காத்திருப்பதாக மாறியது. தண்ணீர் அவரவர் நிலத்துக்கு அடியில் வந்துவிட்டதால் முறை தேவையில்லை என்று ஆயிற்று. ஏரிகள் தூர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-இல் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியபோது சங்கங்களைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. பாகூர்க் கடற்கரைப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறியதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

புதுச்சேரி ஊர்களும் தமிழ்நாட்டு ஊர்களும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடக்கின்றன. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் இன்னொரு அரசு. தமிழ்நாட்டில் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆனால் மும்முனை மின்சாரம் பல ஆண்டுகள் பகலில் சில மணி, இரவில் சில மணி என்றுதான் கிடைத்தது. நடுராத்திரியில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். பாம்பு கடித்துச் செத்தவர்கள் உண்டு, ஷாக் அடித்துச் செத்தவர்கள் உண்டு. அப்போதுதான் 'ஆட்டோ' வந்தது. கரண்டு வந்ததும் மோட்டாரைத் தானாகக் கிளப்பிவிடும் பெட்டி. அதை வாங்கி மாட்டியவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எல்லோரும் ஆட்டோ போட்டால் என்ன நடக்கும்? கரண்டு வந்த அந்த நொடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைவிடக் கிளம்புகிற மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். காயில் கருகும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும். பிறகு ஊரே இருட்டில். ஒவ்வொருவரும் தன் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கிய பெட்டி எல்லோர் வயலையும் காயப்போட்டது. 4.58-ஐ 4.50 ஆக்கிய நானும் இதைத்தான் செய்தேன்.

வீட்டு டைமரின் உள்ளே கொஞ்சம் பார்க்கலாம். பழைய வகையில் வட்டத்தைச் சுற்றி 96 பற்கள் இருக்கும், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். மின்சாரத்தின் ஐம்பது துடிப்பைப் பிடித்துக்கொண்டு அதன் சிறு மோட்டார் சுற்றும். கரண்டு போனால் அதன் நேரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கும். ஒரு வகையில் அது நம் ஊர் நேரத்தோடு சேர்ந்து துன்பப்பட்டது. டிஜிட்டல் டைமர் அப்படியில்லை. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகமும் சின்ன பேட்டரியும் இருக்கின்றன. கரண்டு இருந்தாலும் போனாலும் அதன் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அதற்கு நேரம் மட்டும்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில் எங்கள் மோட்டார் வெறுங்காற்றை இழுத்து இழுத்துக் கருகிப்போனது. மடை பார்த்தவருக்கு மணி தெரியாது, தண்ணீர் தெரியும். கடைசித் தெரு காய்வதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சாதிக்குக் கட்டுப்பட்டுத் திறக்காமல் இருந்திருக்கலாம். அப்படியானால் அது நாலு பேர் அறிந்த அநியாயம், கேள்வி கேட்கலாம். என் டைமர் செய்தது யாரும் அறியாமல் நடந்த அநியாயம். தலைமடையும் கடைமடையும் பூமிக்கடியில் குழாயாக அப்படியே இருந்தன. காவலுக்கு நின்ற மனிதர் மட்டும் இல்லாமல் போனார்.

5

டைமர் பெண்களை விடுவிக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் அமெரிக்க வீடுகளைப் பற்றி 1983-இல் எழுதிய நூல் இதை மறுக்கிறது. வீட்டுக்கு இயந்திரம் வந்ததும் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள் குறைந்தன, தாயின் வேலை குறையவில்லை என்கிறார் அவர். எங்கள் வீட்டில் அம்மாவின் அரை மணி நேரத் தூக்கம் மீண்டது உண்மை. அது சின்ன விஷயம் என்று எழுதுகிற துணிச்சல் எந்த ஆணுக்கும் வரக் கூடாது. ஆனால் அந்த அரை மணி எங்கிருந்து வந்தது? கடைசித் தெருப் பெண்கள் குடத்தோடு கூடுதலாக உட்கார்ந்த நேரத்திலிருந்து. விழிப்பு ஒழியவில்லை. தெருமுனைக்குத் தள்ளப்பட்டது.

இது எங்கள் தெருவோடு முடிகிற விவகாரமும் அல்ல. 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின்நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. நாளின் நேரத்தைப் பொறுத்து மின்கட்டணம் மாறும், சூரிய ஒளி உள்ள நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்பது அதன் சாரம். விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து, ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியவுடன், இது பொருந்தும் என்று விதி சொல்கிறது. வாஷிங் மெஷினும் டைமரும் உள்ளவர் தன் வேலையை மலிவான நேரத்துக்கு நகர்த்திக்கொள்வார். சாயங்காலம் கூலிவேலை முடிந்து வந்து மிக்ஸி போடுகிற பெண் எங்கே நகர்த்துவார்? புதுச்சேரியில் மின்துறையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ஊழியர்கள் 2022-இல் போராடினார்கள். யார் விற்கிறார்கள் என்பதைப் பற்றி அப்போது பேசினோம். எந்த நேரம் என்ன விலை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கருகிய மோட்டாரை மாற்றும்போது தரைக்கடியில் ஒரு தொட்டி கட்டினோம். குழாய்த் தண்ணீர் தன் போக்கில் வந்து அதில் விழும். அங்கிருந்து மாடிக்கு ஏற்ற மட்டும் டைமர். கடைசித் தெருவுக்கு இப்போது கொஞ்சம் தண்ணீர் போகிறது. கொஞ்சம்தான். தொட்டி கட்டப் பணம் வேண்டும், எல்லோரும் கட்டவில்லை.

அன்று வந்த அந்த அம்மாவைப் பிறகு ஒருநாள் பார்த்தபோது இதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் சரிப்பா. தண்ணிய அஞ்சு மணிக்குத்தான் வுடணும்னு யாரு முடிவு பண்ணது? ஒருநா மேல்தெருவுக்கு மொதல்ல, ஒருநா எங்களுக்கு மொதல்லன்னு மாத்தி மாத்தி வுடக் கூடாதா?"

அவர் கேட்டது முறை. எங்கே போய்க் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்டால் 'மேலே சொன்னாதான் சார்' என்கிறார். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் நடத்தவில்லை. கொம்யூன் இருந்தது, கட்டடம் இருந்தது, அதிகாரி இருந்தார். நாங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பி, நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக்கூடிய ஆள் மட்டும் இல்லை.