ஆல்சாஸ் வாத்தியாரும் கொடைக்கானல் உருளைக்கிழங்கும்

சில வருஷங்களுக்கு முன் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான ஜெர்மன் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள்மலையில் பஸ் நின்றபோது, ரோட்டோரம் உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அதைக் காட்டி ஏதோ சொன்னார். கணவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அம்மாள் மறுபடியும் தன் வார்த்தையையே சொன்னார்.

அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. ரைன் நதிக்கரைக்காரர், அக்கரையில் ஸ்ட்ராஸ்பூர். எனக்கும் பள்ளியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்ததால் என்ன தகராறு என்று கேட்டேன். "எங்கள் ஊரில் இது ஹெர்டெப்ஃபெல். இவர் ஹாம்பர்க்காரர், கார்டோஃபெல் என்று சொல்லச் சொல்கிறார்" என்றார். ஹெர்டெப்ஃபெல் என்றால் மண் ஆப்பிள். நாங்கள் சிறுவயதில் படித்த 'போம் த தேர்' அதேதான்! ஜெர்மனியின் இன்னொரு மூலையில் 'மண் பேரிக்காய்' என்ற அர்த்தத்தில் குரும்பேரே என்பார்களாம். கொடைக்கானல் பேரிக்காயைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது ஏற்குமா என்று தெரியவில்லை.

நம் பழனிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாராபுரம் பக்கம் போனால் 'என்ற ஊடு', 'ஏனுங்க'. கிழக்கே திண்டுக்கல், மதுரை என்று போனால் பேச்சே வேறு. நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஜெர்மனியிலும் இப்படி ஒரு கோடு உண்டு. டுஸல்டார்ஃப் அருகே பென்ராத் என்ற இடத்தில் ரைனைத் தாண்டுவதால் பென்ராத் கோடு என்று பெயர். அதற்கு வடக்கே தாழ் ஜெர்மன். 'செய்' என்பதற்கு மாக்கென். தெற்கே மாகென். வடக்கே தண்ணீர் ஏறக்குறைய ஆங்கிலத்தைப்போல வாட்டர், தெற்கே வாஸ்ஸர். தாழ் என்றால் மட்டம் என்று பொருள் இல்லை. வடக்கே கடலோரச் சமவெளி, தெற்கே மலை. மேட்டுப்பேச்சு, பள்ளத்துப்பேச்சு, அவ்வளவுதான்.

அந்தத் தாழ் ஜெர்மன் ஒரு காலத்தில் பெரிய மொழி. ஹான்ஸா வியாபாரிகள் ப்ரூஜ் நகரிலிருந்து ரஷ்யாவின் நோவ்கொரோத் வரை அதில்தான் கணக்கு எழுதினார்கள். பிறகு லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் முழு பைபிளையும் நடு ஜெர்மனியின் சாக்ஸனி அரசாங்க எழுத்துநடையை ஒட்டிய மொழியில் கொண்டுவந்தார். தாழ் ஜெர்மனிலும் அதே காலத்தில் பைபிள் அச்சானது. ஆனால் நாளடைவில் கோவிலும் கச்சேரியும் பள்ளிக்கூடமும் லூதர் வழிக்கே போய்விட்டன. வடக்கத்தியார் தங்கள் பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் வந்த ஜெர்மன் பாதிரிமார்களும் இப்படிப் பல வாயுள்ளவர்கள்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் சாக்ஸனியில் உள்ள புல்ஸ்னிட்ஸில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் சோர்பியன் என்ற ஸ்லாவிய மொழி பேசுவோர் இன்றும் உண்டு. கூட வந்த ப்ளூட்சோ வடக்கே மெக்லன்பர்க்காரர். மலையாள அகராதி செய்த குண்டர்ட் ஸ்டுட்கார்ட்காரர். கன்னட அகராதி செய்த கிட்டல் வடகடலோர கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவர், அங்கே தாழ் ஜெர்மன்தான். நாம் எல்லாரையும் சேர்த்து ஜெர்மன்காரர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரர் மட்டும் என்ன? அலமான்னி என்ற ஒரே ஒரு கூட்டத்தின் பெயரை எடுத்து மொத்த நாட்டுக்கும் 'அலமாஞ்' என்று வைத்துவிட்டார்கள்.

அந்த அலமான்னிப் பேச்சைப் பற்றித்தான் எனக்கு நெடுநாள் உறுத்தல். பள்ளியில் அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' கதை எங்களுக்குப் பாடம். 1870-71 யுத்தத்தில் பிரஷ்யா ஆல்சாஸைப் பிடித்ததும், இனி பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. பிரெஞ்சு வாத்தியார் கடைசிப் பாடம் நடத்துகிறார். நான் அழுதேன், வகுப்பே அழுதது. ரொம்ப வருஷம் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த நாளில் ஆல்சாஸ் கிராமங்களில் பெரும்பாலானவற்றில் வீட்டில் பேசியது பிரெஞ்சே அல்ல. அந்த அம்மாள் பேசிய அதே அலமானிக் வகைதான். நாங்கள் அழுதது வாத்தியாருடைய மொழிக்காக. பிள்ளைகளின் மொழியைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

1918இல் ஆல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியது. 1940இல் நாஜிகள் வந்து பிரெஞ்சைத் தடுத்தார்கள். 1945க்குப் பின் மறுபடி பிரான்ஸ். பிரெஞ்சு பேசுவதுதான் நாகரிகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. பாட்டி பேசியதைப் பேரன் பேசுவது இன்று அங்கே அபூர்வம். எங்கள் வகுப்பிலும் ஒரு வாத்தியார் தமிழ் காதில் விழுந்தால் காதைத் திருகுவார். அவரும் தமிழர்தான். அன்று எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடிவாரத்துக்கு வந்துவிட்டது. அதுவரை பேசாமலிருந்த கணவரிடம் அவர் ஜெர்மனில் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: "எங்கள் பாட்டி வீட்டில் கார்டோஃபெல் இல்லை, கன்ட்யூஃபெல். பள்ளிக்கூடம் போனதும் விட்டுவிட்டேன்." அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையைத் தன்னிடம் சொன்னதே இல்லை என்றார்.