ஆணையின் கடைசி வரி

தோள்சீலைப் போராட்டத்தைப் பாடம் நடத்தும் நாளில் என் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "இந்துக்களே இப்படித்தான் மேடம்" என்பாள் ஒரு மாணவி. "எல்லாம் பாதிரிமார் கட்டிவிட்ட கதை" என்று இன்னொருத்தி எழுவாள். சென்ற ஆண்டு அப்படி வாதாடிய இருவரும் அதுவரை ஒரே டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். மறுநாள் வேறு வேறு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து இந்தக் கட்டுரையை எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. அன்று சாணார் எனப்பட்ட நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. நாயர் பெண்கள் தோளில் சீலை போடலாம். ஆனால் தம்மினும் மேலானவர் முன்னும் கோயிலிலும் அவர்களும் அதை விலக்க வேண்டும். திறந்த மார்பு மரியாதையின் அடையாளம். அந்த மரியாதை எப்போதும் கீழிருந்து மேலே மட்டுமே போனது.

கர்னல் மன்றோ கிறித்தவம் தழுவிய பெண்களுக்கு மார்பை மறைக்க அனுமதி தந்தார். மேல்சாதியினர் எதிர்க்கவே, சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணியும் குப்பாயம் போதும் என்றானது. பெண்களுக்கு அது போதவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். சீலை கிழிக்கப்பட்டது, அடிபட்டார்கள். 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரசாணை, குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது என்றது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண், ராணி கௌரி பார்வதி பாய். பெண் ஆண்டாலே பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த இரு மாணவிகளின் வாதங்களுக்கு வருகிறேன்.

'இந்துக்கள்' என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னால், சீலையைக் கிழித்தவரும் கிழிபட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். மதம் மாறாத நாடார் பெண்களுக்கு அந்தக் குப்பாயச் சலுகைகூட இல்லை. 1858-59 கலவரத்தின்போது அவர்களும் தோள்சீலை போட்டு வீதிக்கு வந்தார்கள். அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். எல்லாச் சாதியும் நீர் எடுக்கக் கிணறு வெட்டினார். கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்து வணங்கச் சொன்னார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அவர் பாதிரிமாரையும் ஏற்கவில்லை. 'இந்துக்களே இப்படித்தான்' என்ற வாக்கியத்தில் இவரை எங்கே வைப்பது?

'பாதிரிமார் கட்டிய கதை' என்பதும் நிற்காது. தடை அரசாணையில் இருக்கிறது. அதேசமயம் மிஷனரிகளைக் கறையில்லாதவர்களாகவும் நான் காட்ட மாட்டேன். நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் கால்டுவெல், 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தச் சமூகத்தையே அறிவு மழுங்கியவர்களாகவும் பேய்களை வணங்குபவர்களாகவும் அதில் சித்திரித்தார். நாடார்கள் பின்னாளில் கடுமையாக எதிர்த்தார்கள். தாம் கரையேற்ற வந்த மக்களையே அவர் ஒரே கோணியில் கட்டிவைத்தார். மதம் மாறியவர்களைச் சாதி விட்டுவிடவும் இல்லை. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு.

1859 ஜூலை 26 ஆணையைத்தான் நாம் வெற்றி என்று கொண்டாடுகிறோம். சென்னை ஆளுநர் டிரெவிலியன் தந்த நெருக்கடிக்குப் பின் வந்தது அது. எந்த மதத்து நாடார் பெண்ணும் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம் என்று அனுமதிக்கிறது. கடைசியில் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

சண்டை மானத்துக்காகவோ மதத்துக்காகவோ நடந்ததில்லை என்பதை அந்தக் கடைசி வரி அம்பலப்படுத்துகிறது. மறைத்துக்கொள், மதம் மாறு, மாறாமல் இரு; எங்களைப் போல ஆகாதே. அவ்வளவுதான்.

இந்த வரியை நான் ஆவணத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடு. என் பாட்டி இளகிய மனம் படைத்தவள். வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்ப மாட்டாள். எங்கள் வீட்டில் நெல் அவிக்க வரும் தலித் பெண் ஒருத்தி, மகள் கல்யாணத்துக்கு அழைக்க ஒருநாள் ஜரிகைப் பட்டு கட்டி வந்தாள். பாட்டி வெற்றிலை கொடுத்து, பணமும் கொடுத்து அனுப்பினாள். அவள் தலை மறைந்ததும் சொன்னாள்: "பாத்தியா, நம்மள மாதிரில்லா உடுத்திட்டு வாரா." நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த அம்மாவும் பாட்டியும் கும்பிட்டது ஒரே இசக்கியம்மனைத்தான்.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் சமூக வரலாற்றைச் சொன்ன பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. 2019-இல் நீக்கிவிட்டது. தோள்சீலைச் செய்தியும் அதோடு போயிற்று. எல்லா இந்துக்களையும் குற்றவாளியாக்குகிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த நீக்கம் நிம்மதி தரலாம். ஆனால் அந்தப் பக்கங்களோடு மறைந்தவர்களில், அடிபட்டும் சீலையைக் கழற்றாத இந்துப் பெண்களும் உண்டு.

இந்த ஆண்டு பாடத்தைக் கடைசி வரியிலிருந்து தொடங்கப்போகிறேன். 'நம்மள மாதிரில்லா' என்று உங்கள் வீட்டில் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று எல்லா பெஞ்சுகளையும் கேட்பேன். முதல் பதிலை நானே சொல்லிவிட்டு.