மேல்மாடத்தில் இருந்தவர்களுக்கு முன்பே தெரியும்

அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரிலிருந்து 72ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணி நேரம் போனால் பெயின்ட் ராக் என்ற சிற்றூர் வரும். கொஞ்சம் பேச்சில் மூழ்கினால் தாண்டிவிடுவோம், அவ்வளவு சிறிய ஊர். 1931 மார்ச் 25 அன்று இங்கேதான் ஆயுதங்களோடு வந்த கும்பல் ஒன்று சரக்கு ரயிலை மறித்து, அதில் ஏறி வந்த ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்தது. அதே ரயிலில் வந்த வெள்ளைப் பெண்கள் இருவர், தங்களை இவர்கள் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். 15 நாளில் பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்பரோவில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். எட்டுப் பையன்களுக்கு மரண தண்டனை. 13 வயது ராய் ரைட் ஒருவன் விஷயத்தில் மட்டும் ஜூரிகள் ஒருமனதாக முடிவெடுக்கவில்லை.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் குடியேறிய ஊர் ஹன்ட்ஸ்வில். ராக்கெட்டுகளுக்குப் பேர்போன ஊர், தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்தபோது நானும் கூடவே படித்தேன். பள்ளியில் கொடுத்த தாளில், சிறுமி ஸ்கவுட் எப்படி வளர்கிறாள், அண்ணன் ஜெம் எதை இழக்கிறான், அப்பா அட்டிகஸின் துணிவு எத்தகையது என்று கேள்விகள் இருந்தன. நல்ல கேள்விகள்தான். ஆனால் என் மகள் என்னிடம் கேட்டது வேறு. "அம்மா, தீர்ப்பு வந்த அன்னைக்கு ராத்திரி டாம் ராபின்சன் வீட்டுல என்னம்மா பேசியிருப்பாங்க?"

செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அந்தக் கறுப்பினத் தொழிலாளியின் வீட்டுக்குள் நாவல் போவதில்லை. அலபாமாவின் வரலாறு போகிறது. அந்த வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இந்த நாவலை முழுதாகப் படித்ததாகும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மாநிலத்தின் தென்கோடியை நெருங்கும் மன்ரோவில், ஹார்ப்பர் லீ 1926இல் பிறந்த ஊர். 2016இல் அவர் கண்மூடியதும் அங்கேதான். நாவலின் கற்பனை ஊரான மேக்கோம்ப் இந்த ஊரின் சாயலில் எழுந்தது. அவருடைய தந்தை ஏ.சி. லீ வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், 'மன்ரோ ஜர்னல்' பத்திரிகையின் ஆசிரியர். வெள்ளைக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தகப்பனுக்கும் மகனுக்கும் 1919இல் அவர் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பிறகு அவர் எந்தக் குற்ற வழக்கையும் எடுக்கவில்லை. லீ சிறுமியாக இருந்தபோது, வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர்மீது ஒரு வெள்ளைப் பெண்ணைக் கெடுத்ததாக வழக்கு வந்தது. 1934இல் மன்ரோவில் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஊர்க்காரர்கள் சிலர் மனுப்போட, ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அதற்குள் லெட்டின் மனநிலை குலைந்திருந்தது. 1937இல் காசநோயில் இறந்தார்.

1960 ஜூலையில் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு, 1962இல் கிரிகரி பெக் நடித்த திரைப்படம். படத்தின் கலை இயக்குநர் மன்ரோவில் நீதிமன்ற அறையைப் பார்த்து அளந்து, ஹாலிவுட்டில் அதேபோல் அரங்கம் அமைத்தார். அந்தப் பழைய கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1990களின் தொடக்கத்திலிருந்து வசந்த காலந்தோறும் உள்ளூர்க்காரர்களே இந்தக் கதையை அங்கே நாடகமாக நடத்துகிறார்கள். முதல் பாதி வெளியே புல்வெளியில், விசாரணை உள்ளே நீதிமன்ற அறையில். ஜூரியாக உட்காரப் பார்வையாளர்களிலிருந்தே ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த அறைக்கு ஒரு மேல்மாடம் உண்டு. கறுப்பின மக்கள் கீழே உட்காரக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. நாவலில் ஸ்கவுட்டும் ஜெம்மும் அவர்கள் நண்பன் டில்லும் மேலே போய், கறுப்பினப் பாதிரியார் சைக்ஸின் பக்கத்தில் இடம்பிடிக்கிறார்கள். டாமுக்காக வாதாடும் அப்பா வென்றுவிட்டார் என்று ஜெம் துள்ளுகிறான். சைக்ஸ் துள்ளவில்லை. வெள்ளையரின் சொல்லுக்கு எதிராகக் கறுப்பினத்தவர் பக்கம் நின்ற ஜூரியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அந்தப் பையனிடம் பதமாகச் சொல்கிறார். தீர்ப்பு ஜெம்மை உடைத்துப் போடுகிறது. அவனைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது முன்பே தெரியும். அவர்களுக்குத் தெரிந்திருந்ததை அவன் அன்று தெரிந்துகொள்கிறான். அந்த நாவலில் வளர்வது என்றால் இதுதான் என்று நான் மகளுக்குச் சொன்னேன்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்திருந்தது? 1901இல் எழுதப்பட்ட அலபாமா அரசியல் சட்டம், எழுத்தறிவுத் தேர்வையும் வாக்கு வரியையும் வைத்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஜூரிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. பெண்கள் அங்கே ஜூரியாக உட்கார 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்காட்ஸ்பரோ வழக்கில் முறையான வழக்கறிஞர் உதவி கிடைக்கவில்லை என்று 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. மறுவிசாரணை எங்கள் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டிகேட்டரில் நடந்தது. புகார் சொன்னவர்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், தான் சொன்னது பொய் என்று சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். அப்படியும் ஜூரி மரண தண்டனையே கேட்டது. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் 1933 ஜூனில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரை மக்கள் தோற்கடித்தார்கள். 1935இல் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனபோது, ஜூரிப் பதிவேட்டில் கறுப்பினத்தவர் பெயர்களைப் பிற்பாடு செருகியிருப்பதாக வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ் காட்டினார். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கிய ஜூரி செல்லாது என்று தீர்ப்பானது.

அந்த வீடுகளில் என்ன பேசினார்கள் என்ற மகளின் கேள்விக்கு வருகிறேன். நாவலில் சைக்ஸ் பாதிரியார் தேவாலயக் கதவை அடைத்து, டாமின் மனைவி ஹெலனுக்காகப் பத்து டாலர் சேரும்வரை யாரையும் வெளியே விடாத காட்சி ஒன்று வரும். ஏழைகள் சில்லறை சில்லறையாகப் போட்ட பணம். நிஜத்தில் ராய் ரைட், ஆண்டி ரைட் இருவரின் தாய் ஏடா ரைட், 1932இல் கடல் கடந்து ஐரோப்பாவில் நாடு நாடாகப் போய்த் தன் பிள்ளைகளுக்காக மேடையேறினார். அந்த வீடுகளில் அழுகை இருந்தது, அடுத்து என்ன செய்வது என்ற பேச்சும் இருந்தது. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இது 1930களோடு முடிந்த கதையும் இல்லை. 1986இல் மன்ரோவில்லில் நடந்த ஒரு கொலைக்காக வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரைக் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில், தேவாலயத்துக்கு நிதி திரட்ட மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் பலர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்கள் சொல் எடுபடவில்லை. விசாரணை தொடங்கும் முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளோடு அடைத்தார்கள். 1988இல் ஜூரி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தும் நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடி 1993இல் அவரை மீட்டார். நாவலைத் தன் பெருமையாகக் கொண்டாடும் ஊரில், நாவலின் பாடம் ஒரு மனிதனைக் காப்பாற்றவில்லை. இதைச் சொல்லாமல் அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பாதிக் கல்வி.

புத்தகத்தை விலக்குவது வழியாகாது. 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளி வாரியம் ஒழுக்கக்கேடு என்று சொல்லி இதைத் தடுத்தது. லீ பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். 2020இல் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் பள்ளிகள் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்ததற்குக் காரணம் சில பெற்றோர்கள் எழுப்பிய குரல், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவரைக் குறித்து நாவலில் வரும் இழிசொல் வகுப்பில் உரக்க வாசிக்கப்படும்போது தங்கள் பிள்ளை படும் பாட்டைச் சொன்னார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இரண்டாவது குரலுக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு. பதில், பக்கத்தில் இன்னொரு புத்தகத்தை வைப்பது.

அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. ஸ்காட்ஸ்பரோ பையன்களில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சனின் தன்வரலாறு, 1950இல் வந்தது. ஸ்காட்ஸ்பரோவில் ஷீலா வாஷிங்டன் என்ற பெண், தன் பெற்றோர் ஒளித்து வைத்திருந்த அதன் பிரதியைப் பதின்வயதில் கண்டெடுத்தார். அது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 2010இல் ஒரு பழைய கறுப்பினத் தேவாலயத்தில் ஸ்காட்ஸ்பரோ பையன்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவருடைய விடாமுயற்சியால் 2013இல் மாநிலம் தனிச்சட்டம் கொண்டுவந்து, பேட்டர்சன் உள்ளிட்ட கடைசி மூவருக்கும் அவர்கள் மறைந்த பிறகு மன்னிப்பு வழங்கியது. 82 ஆண்டுகள் கழித்து.

இங்கே பிள்ளை வளர்க்கும் நம்மவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மன்ரோவில்லில் நாடகம் பார்க்கப் போகும் முன் ஸ்காட்ஸ்பரோவுக்குக் கூட்டிப் போங்கள். அட்டிகஸ் போன்ற நல்லவரைப் பிள்ளைகள் நேசிக்கட்டும். அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருக்க மட்டும் அவர்கள் பழகிவிடக் கூடாது. சட்டத்தை அசைத்தது ஜூரிப் பதிவேட்டைத் துருவிய கண், கப்பலேறிய ஒரு தாய், ஒளித்து வைத்த புத்தகத்தை எடுத்துப் படித்த ஒரு பெண். அந்த வேலைகளை எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம்.