பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம், புதுச்சேரி

பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் என்பது முதலாம் உலகப் போரில் (1914-1918) உயிரிழந்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் (கூபேர் அவென்யு) எழுப்பப்பட்ட சின்னம் ஆகும். இது 1938 ஏப்ரல் 3 அன்று அப்போதைய ஆளுநர் குரோசிக்கியாவால் திறந்து வைக்கப்பட்டது. நகரின் மேற்கிலுள்ள மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பகுதிகளிலிருந்து வருவோர் விழுப்புரம் சாலை வழியாக நகருக்குள் வந்து இதனை அடையலாம்.

பின்னணி

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளும் பிரெஞ்சிந்தியா எனப்பட்டன. 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் வெளியான ஆணைப்படி, தம் சமய, சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க எவரும் முன்வரலாம். இவர்கள் 'ரெனோன்சான்' (துறந்தோர்) எனப்பட்டனர். இவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டனர். இவ்வியக்கத்தின் முன்னோடியான பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் பிரெஞ்சுப் பெயர்களைத் தாங்கியிருப்பதற்கு இதுவே காரணம்.

சாதியக் கட்டுகளிலிருந்து விலக விரும்பியோருக்கு அரசுப் பணியும் படைப்பணியும் வாழ்வில் உயரும் வழியாக அமைந்தன. சைகோன் உள்ளிட்ட இந்தோசீன நகரங்களுக்குப் பலர் சென்றனர். இரண்டாம் உலகப் போரின்போது ஆளுநர் போன்வேன் 1940 இல் தெ கோலின் சுதந்திர பிரான்சுக்கு ஆதரவளித்தார். பின்னர் 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் புதுச்சேரியினர் பணியாற்றினர். அங்கே மணம் புரிந்து திரும்பியோரின் வீடுகள் வழியாகவே 'சாயோ' என்னும் வியட்நாமியப் பலகாரம் புதுச்சேரிக்கு வந்தது.

குடியுரிமை

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் கைமாறியது. 1956 மே 28 இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகத்து 16 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வசித்தோர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு அறிவித்தனர். இங்கு பிறந்து இந்தியாவுக்கு வெளியே வசித்தோருக்கோ பிரெஞ்சுக் குடியுரிமையே நீடித்தது. ஆகவே படையில் சேர்ந்து வெளிநாட்டில் இருந்த தம்பி பிரெஞ்சுக்காரராகவும், ஊரில் இருந்த அண்ணன் இந்தியராகவும் ஆகும் நிலை ஒரே குடும்பத்தில் ஏற்படலாயிற்று. போர் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனைப் பேசுவதில்லை.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரை உள்ளூர் மக்கள் 'சொல்தா' என அழைப்பர். இது பிரெஞ்சில் படைவீரரைக் குறிக்கும் சொல். பிரான்சு வழங்கும் ஓய்வூதியம் இக்குடும்பங்களின் முக்கிய வருவாயாக இருந்து வந்துள்ளது. புசி தெருவில் (லால் பகதூர் சாத்திரி தெரு) இவர்களுக்கென ஒரு வீரர் இல்லம் உள்ளது.

நினைவு நிகழ்வுகள்

ஆண்டுதோறும் சூலை 14, பிரெஞ்சுத் தேசிய நாளன்று பிரெஞ்சுத் துணைத் தூதர் இங்கு மலர்வளையம் வைப்பார். இரு நாடுகளின் தேசியப் பண்களும் இசைக்கப்படும். பதக்கங்கள் அணிந்த முன்னாள் வீரர்களும் அவர்களது குடும்பத்தினரும் பங்கேற்பர். முந்தைய இரவு விளக்கு ஊர்வலம் நடைபெறும். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்றும் அஞ்சலி செலுத்தப்படுகிறது.