விலையில்லாதது வேறு, தளையில்லாதது வேறு

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எங்கள் ராசிங்காபுரத்துப் பிள்ளைகளுக்கும் வந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

பிரெஞ்சில் படித்தவன் நான். காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி', தளையில்லாதது 'லீப்ர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ'தான், குழப்பமே அதில்தான். லினக்ஸ் 'லீப்ர்'.

ஆனால் வைஃபை அட்டை? அதற்குள் ஓடும் ஃபர்ம்வேரைப் பல கம்பெனிகள் பூட்டியே வைத்திருந்தன. பிராட்காம் அட்டைகளுக்காகத் தன்னார்வலர்கள் விண்டோஸ் டிரைவரைப் பிரித்து ஃபர்ம்வேரை உருவி எடுத்தார்கள். 2010 செப்டம்பரில் அந்தக் கம்பெனியே சில புதிய அட்டைகளுக்கு டிரைவரின் மூலநிரலை வெளியிட்டது. ஃபர்ம்வேர் மட்டும் பூட்டியபடியே.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியில் விண்டோஸ் பழுதாகிவிட்டது. பாஸில் வைஃபை இல்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கோ அன்றே கடைசி நாள். "தாத்தா, அட்டை போச்சா?" என்றாள். 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினேன், அட்டையின் பெயர் வந்தது. 'ஆர்எஃப்கில்' பார்த்தேன், எதுவும் அணைந்திருக்கவில்லை. 'டிமெஸ்ஜி' பதிவில்தான் இருந்தது விஷயம்: ஃபர்ம்வேர் கோப்பு காணோம். அவள் அண்ணன் போடிக்குப் போய்ப் பென்டிரைவில் இறக்கி வந்தான். உரிய அடைவில் போட்டு, அணைத்து ஏற்றினோம். இருட்டுவதற்குள் விண்ணப்பம் போய்விட்டது.