கழுத்து வலியும் கை வைத்தியமும்

ராஜபாளையம் என்றால் நூற்பாலை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ல் அங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி. எல்லாமே இழையைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து செய்யும் வேலை. கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

இந்த வலிக்கு நம்மவர்கள் முதலில் நம்பியது கையைத்தான். கழுத்தெலும்புத் தேய்வை ஒத்த நோயைச் சித்த மருத்துவம் சகனவாதம் என்கிறது. அதற்குத் தைலத்தோடு தொக்கணமும் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று தொக்கணம் ஒன்பது வகைப்படும். வெறும் 'மசாஜ்' என்று இதை ஒதுக்குவது சரியல்ல.

ஆனால் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் 'சடக்'கென்று திருப்பி நெட்டி எடுப்பதைத் தொக்கணத்தோடு சேர்க்கக் கூடாது. மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான். வந்தால் யார் பொறுப்பு?

கை வைக்கும் முன் சோதனை வேண்டும் என்பதை வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட். முதுகெலும்புக்கான கைச்சிகிச்சை பற்றிய அவருடைய நூல் 1964ல் வெளிவந்தது. மூட்டை மெல்ல அசைக்க வேண்டும். வலி கூடியதா குறைந்ததா என்று உடனே மறுபடி பார்க்க வேண்டும். விபத்து, காய்ச்சல், கைப்பிடி தளர்வது, நடை தள்ளாடுவது இருந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்த திருப்பம் பயிற்சி. அதே நாட்டின் க்வென் ஜல் குழுவினர், கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி உள்ள 200 பேரிடம் செய்த ஆய்வை 2002ல் வெளியிட்டார்கள். கைச்சிகிச்சை, பயிற்சி இரண்டுமே பலன் தந்தன. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது.

பயிற்சி மிக எளிது. மல்லாந்து படுத்தவரின் பின்கழுத்துக்கு அடியில் ஒரு சிறு காற்றுப்பை. அதில் அழுத்தம் 20 மி.மீ. 'ஆமாம்' என்பது போல மெதுவாகத் தலையசைத்து அதை 22, 24 என்று 30 வரை ஏற்ற வேண்டும்; ஒவ்வொரு படியிலும் 10 விநாடி நிறுத்த வேண்டும். வேலை செய்வது முன்கழுத்தின் ஆழத்தில் இருக்கும் தசைகள். பார்ப்பவருக்கு ஆள் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும்!

ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால், ஷிப்ட் முடிந்து வந்தவர் காற்றுப்பைக்குப் பதில் மடித்த துண்டை வைத்து, வீட்டுப் பாயிலேயே செய்துகொள்ளலாம். வேறொருவர் கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.