மலைநாட்டில் நம்மவர் உடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் பழமொழி. ஒரு மக்களின் ஆடை மாறிய வரலாற்றை ஆராய்ந்தால், அம்மக்கள் பட்ட பாடும் தானே விளங்கும். மலைநாட்டுத் தமிழராகிய நமது உடையின் வரலாறும் அத்தகையதே.

19-ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். வெயில் காயும் அச்சீமைகளில் ஆணுக்கு வேட்டியும் துண்டும், பெண்ணுக்கு ஒரு நூற்சேலையும் போதுமாயிருந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தோருக்கு மலைக்குளிர் முற்றிலும் புதிது. நமது கினிகத்தேனைப் பக்கத்து மழையையோ சொல்ல வேண்டுவதில்லை. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது.

இக்குளிரையும் மழையையும் தாங்க வந்ததே கம்பளி. பகலில் அதைத் தலையோடு கொங்காணியாகப் போர்த்தி வேலைக்குச் சென்றனர். இரவில் அதுவே படுக்கையும் போர்வையுமாயிற்று. ஆனால் அது தானமாக வந்ததன்று. தோட்டம் கொடுத்த கம்பளியின் விலை, பின்னர்ச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. புதிய நாட்டில் கிடைத்த முதல் உடையே கடனாயிற்று! கடன்தொகையைக் குறித்த துண்டுச் சீட்டோடுதான் தொழிலாளர் தோட்டம் மாற முடிந்தது. அந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது.

1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, தேயிலை பரவிற்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையிலேயே தங்கின. நனைந்த செடிகளுக்கிடையே நாள் முழுவதும் நின்ற நம் தாய்மார், சேலையை ஏற்றிச் செருகி, அதன்மேல் படங்கைச் சுற்றிக் கட்டினர். கூடைக்கயிறு நெற்றியை அறுக்காதபடி தலையில் துணியை மடித்து வைத்தனர். இவ்வுடையைக் கற்பித்தவை மழையும் செடியுமே.

பெரிய கங்காணியின் கோலம் வேறு. வேட்டியின்மேல் கோட்டு, தலையில் பாகை, காதில் கடுக்கன், கையில் குடை. துரையின் உடையில் பாதியும் ஊரின் உடையில் பாதியுமாக, அவர் நின்ற நடுநிலையை அதுவே காட்டிற்று.

வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களில் புடவை வியாபாரிக்கு மட்டும் வழியிருந்தது. இதையறிந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக உள்ளே சென்று, தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார். அவரே 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணிமூட்டைக்கும் நம் விடுதலை வரலாற்றில் இடமுண்டு!

காலப்போக்கில் ஆண்கள் இந்நாட்டுச் சாரத்தை ஏற்றனர். பெண்களோ, அயலில் கண்டிய ஒசரியைக் கண்டும், திருவிழாவில் தம் சேலைக்கட்டை விடவில்லை. கொள்ளத்தக்கதைக் கொண்டு, காக்கத்தக்கதைக் காத்தனர்.

இன்று நம் வாலிபர் கொழும்புக்குச் சென்று நகரத்து உடை அணிகின்றனர். அதில் குற்றமில்லை, முன்னோரும் சென்ற இடத்துக்கேற்ப உடுத்தவர்களே. ஆனால் ‘தோட்டத்தான்’ என்று பிறர் இகழ்வாரோ என அஞ்சி, படங்கு கட்டிய பாட்டியின் படத்தை மறைப்பதுதான் தகாது. அந்தப் படங்கின் உழைப்பிலன்றோ நம் கல்வி வந்தது!

கம்பளி போர்த்திய கதையைச் சொல்லத்தக்க முதியோர் இன்னும் நம் லயங்களில் இருக்கின்றனர். தம்பிமாரே, தங்கைமாரே! அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக.